இந்த மாதத் தடை

மழை பிடித்து ஒரு வாரமாகிவிட்டது. மை காய மாட்டேன் என்று அடம்பிடித்தது. வெயில் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மை போட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் காய்ந்து கிடக்கும். இப்போது மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் சரி, குண்டு பல்பின் சூட்டில் காட்டினாலும் சரி, விரல் பட்டால் ஈஷிக்கொண்டது. மையக்கா முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, பக்கங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே வருகிறவர்கள் குனிந்துதான் வரவேண்டும். நிமிர்ந்தால் ஒற்றைச் சிறகன் மூக்கில் கறுப்புப் பூசிவிடுவான்.

ஒற்றைச் சிறகன் அவள் வரையும் படக்கதையின் நாயகன். யுத்தத்துக்குப் போய் ஒரு சிறகைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். மிச்சமிருப்பது ஒன்றுதான் என்பதால் அவனுக்கு நேராகப் பறக்க வராது, வட்டம் போட்டுத்தான் பறப்பான். அதனால் போய்ச் சேரத் தாமதமாகிறது. அங்கே வாசலில் மனைவியும் குழந்தையும் காத்திருக்கிறார்கள். மாதா மாதம் ஒரு புத்தகம், மாதா மாதம் வழியில் ஒரு தடை. சுழல் கடல், பனிச் சுவர், காது தின்னும் பூதம், பாதையைச் சுருட்டிக் கொண்டு போகிற கிழவன் என்று எத்தனையோ.

"இந்த மாசம் என்ன தடைக்கா?" என்றுதான் அச்சக முதலாளி போனை எடுத்ததும் கேட்பார். உப்பு இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்பதுபோல அந்த வீட்டில் புழங்குகிற சொல்லாகிவிட்டது அது.

படக்கதையில் ஒருவர் பென்சிலில் வரைவார், அதன்மேல் இன்னொருவர் மை போடுவார், பேச்சுக் குமிழுக்குள் வசனம் எழுத மூன்றாவது ஆள். மை போட வந்த ஒரே பெண் என்பதால் அச்சகத்தில் மை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, வாய்க்கு வாகாக மையக்கா ஆகிவிட்டாள். எதிர் மேஜையில் உட்கார்ந்து வசனம் எழுதுவது அவளுடைய நாத்தனார். அண்ணன் வீட்டை விட்டுப் போன பிறகும் அண்ணியை விட்டுப் போகாதவள்.

"முதலாளி எழுதி அனுப்பியிருக்கிறதைப் பாருங்க அண்ணி. 'போராடிக்கொண்டிருந்திருப்பேன்'னு ஒரே வார்த்தை. குமிழ் இருக்கிறதோ எலுமிச்சம்பழம் அளவு. இதுக்குள்ள இவ்வளவையும் அடைச்சா இவன் சண்டையில சாக மாட்டான், மூச்சு முட்டித்தான் சாவான்."

"குமிழைப் பெரிசு பண்ணித் தரேன். கத்தாதே."

"பெரிசு பண்ணினா அவன் சிறகு மறையும். இருக்கிறதே ஒண்ணு."

இரண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வேலை செய்து வந்தார்கள். மையக்காவின் மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குத்துவதே தெரியாது என்று பேர் வாங்கியவள். வீட்டில் பெரிய குறை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் முதலாளி குடையைக்கூட மடக்காமல், சுருட்டிய ஒரு போஸ்டரோடு உள்ளே வந்தார்.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டோம்!"

"யாரை?"

பதில் சொல்லாமல் போஸ்டரை விரித்தார். சிவப்புப் பின்னணியில் கொட்டை எழுத்தில் 'மாஸ்டர் திரும்புகிறார்!' என்று இருந்தது. கீழே வெள்ளைத் தாடியோடு ஒரு முகம். மையக்கா பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க அண்ணன் எந்தப் பக்கம் திரும்புறாராம்?"

அவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லித் தொலைப்போம். ஒற்றைச் சிறகனை முதலில் வரைந்தவர் அவர்தான், அதை யாரும் மறுக்கவில்லை. பெரிய நகரத்தில் சினிமாவுக்குப் படம் வரைகிற வேலை, ஒரு மாசம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பெட்டியைத் தூக்கியவர். அந்த ஒரு மாசம் முடிவதற்குள் தவழ்ந்துகொண்டிருந்த மகள் கவுன் வயதையும் தாவணி வயதையும் தாண்டிவிட்டாள். போன புதிதில் முதலாளி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கம் வேண்டும், ஆள் இல்லை. மையக்கா பென்சிலையும் தானே எடுத்தாள். அன்றிலிருந்து எல்லாப் பக்கமும் அவள் வரைந்தது. அட்டையில் மட்டும் அவர் பெயர். "பேரை மாத்தினா வாசகன் ஓடிடுவான்கா" என்றார் முதலாளி. அவளும் சரி என்றாள். அப்பா பெயரைப் புத்தகத்தில் பார்த்தால் குழந்தைக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

குழந்தை மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கும். "அப்பா ஏம்மா வரல?" என்ன சொல்வாள்? ஒரு கடலை வரைந்து காட்டுவாள். "இதைத் தாண்டணும் இல்ல, நேரமாகும்." கடல் தாண்டியாயிற்று, அப்பா வரவில்லை. அடுத்த மாதம் ஒரு பூதம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அப்பாவின் கையெழுத்துக் கேட்டபோது, "எங்க அப்பா நண்டுத் தீவுல மாட்டிக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தது அது. வகுப்பே சிரித்ததாம். மையக்கா அன்று சிரிக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால் அந்த மனுஷனுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வீட்டு முனையில் இறங்கிவிடலாம். தினமும் பஸ் உண்டு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மாதா மாதம் அவருக்காகச் சாக்கு வரைந்தாள். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் எந்தப் பெண்டாட்டியும் இத்தனை அழகாகச் சாக்கு வரைந்திருக்க மாட்டாள்.

"பழைய புத்தகத்தையெல்லாம் பசங்க போன்ல போட்டுத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறாங்கக்கா. மாஸ்டர் எங்கேன்னு ஒரே கேள்வி" என்றார் முதலாளி. "கடைசி இதழ் போடப் போறோம். ஒற்றைச் சிறகன் வீடு வந்து சேரறான். கடைசிப் பக்கம் மாஸ்டர் கையால. அதுக்கப்புறம் அவரை வச்சே புதுத் தொடர். நீங்க பழையபடி மை மட்டும் போட்டாப் போதும்."

"மை மட்டும்."

"உங்களுக்கும் பாரம் குறையும் இல்ல?"

அவள் கறுத்துப்போன தண்ணீரை வாசலில் கொண்டுபோய் வீசினாள். முதலாளியின் செருப்பில் கொஞ்சம் பட்டது. தெரியாமல் பட்டது என்று சொல்ல முடியாது.

மாஸ்டர் அந்த வாரமே வந்து சேர்ந்தார். மழையில் நனையாமல், ஆட்டோவில். குனியாமல் உள்ளே வந்ததில் நெற்றியில் மை அப்பிக்கொண்டது. அதைத் துடைத்தபடியே, "வந்துட்டேன்" என்றார். மகளைப் பார்த்து, "என்னம்மா, இவ்வளவு வளந்துட்டே!" என்றார். வளர்ந்தது ஏதோ அவளுடைய தப்புபோல இருந்தது அவர் சொன்னது.

மகள் அழவில்லை, ஓடிப்போய்த் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்படியில் இரண்டு முட்டையைப் பொரித்து, சூடாகச் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மையக்காவுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட அந்த முட்டையின்மேல் வந்த கோபம் அதிகம்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றார் மாஸ்டர்.

"வேற பொரிச்சுத் தரட்டுமாப்பா?"

"அதை அப்படியே தின்னச் சொல்லு" என்றாள் நாத்தனார் முன்னறையிலிருந்து. "உப்புப் போட்டுத் தின்னு ரொம்ப வருஷமாச்சு போல."

சாப்பிட்டு எழுந்தவர் நேராக மையக்காவின் மேஜைக்குப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நிப்புகளையும் பிரஷ்களையும் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் பையை வைத்தார். "ஜன்னல் வெளிச்சம் இன்னும் அப்படியே இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். மையக்கா தன் பலகையை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து நூலக மண்டபத்தில் கூட்டம். தாடி வைத்த பையன்களும், அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு வந்த பெண்களுமாக உட்கார இடமில்லை. மையக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்து, 'காத்திருந்த கண்கள்' என்று மைக்கில் அறிவித்து ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள். வாங்கிய கையில் மைக்கறை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மாஸ்டர் பேச எழுந்தார். "தம்பிங்களா, அந்த நண்டு யாரு? என் வறுமை. அந்தச் சுழல் கடல் எது? என் தனிமை. ஒவ்வொரு தடையும் நான் பட்ட பாடு. கண்ணீரைத் தொட்டுத்தான் நான் வரைஞ்சேன்."

"தண்ணியைத் தொட்டுன்னு சொல்லச் சொல்லுங்க அண்ணி" என்று நாத்தனார் காதில் கிசுகிசுத்தாள். மையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபம் முழுக்கக் கைதட்டிற்று. பின்னால் யாரோ ஒரு பெண் விசும்பி அழுதாள். மையக்காவின் சாக்குகள் எல்லாம் ஒன்றுவிடாமல் அந்த ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. விட்டுவிட்டுப் போனார், பொறுத்தாள். பேரை எடுத்துக்கொண்டார், அதையும் பொறுத்தாள். பிள்ளையின் கண்ணீரைத் துடைப்பதற்காக அவள் புளுகிய புளுகையும் அல்லவா இப்போது தன் கஷ்டம் என்கிறார்!

வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நண்டு உங்க வறுமையா?"

"மேடையில ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்."

"அந்த நண்டை நான் எப்ப வரைஞ்சேன் தெரியுமா? இவளுக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. அப்பா வந்தாத்தான் மருந்து குடிப்பேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டா. அப்பா காலை நண்டு கவ்விக்கிச்சு, நீ மருந்து குடிச்சா அது விட்டுடும்னு சொல்லி, அவ கண் முன்னாலயே நண்டைப் போட்டேன். ஒரு கொடுக்குக்கு ஒரு வாய் மருந்து. அது உங்க வறுமையா?"

மாஸ்டர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நல்லாயிருக்கே இது! முன்னாடியே சொல்லியிருந்தா மேடையில சேர்த்திருக்கலாம்."

மையக்கா கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தில் டீ மேஜை முழுக்கச் சிதறியது.

"எதுக்கு இப்ப இவ்வளவு கோபம்?" என்றார். "அதான் வந்துட்டேன் இல்ல?"

எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது. இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க? அதான் வந்துட்டேன் இல்ல? பிள்ளை படிப்புக்கு என்ன செஞ்சோம்னு தெரியுமா? அதான் வந்துட்டேன் இல்ல? வருவது ஒன்றே பெரிய வேலை, மற்றதையெல்லாம் வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோலப் பேசினார்.

மகள் துணியைக் கொண்டுவந்து டீயைத் துடைத்தாள். "விடும்மா. இப்பவாவது வந்தாரே."

மையக்கா மகளை முறைத்தாள். ஆனால் 'அப்பா வந்துகொண்டே இருக்கிறார்' என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது யார்? இப்போது யாரைக் குறை சொல்வது? அந்த ஆத்திரமும் சேர்ந்து அன்று பாத்திரங்கள் மேல் விழுந்தது.

கடைசிப் பக்கத்துக்கு மாஸ்டர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். இந்தத் தொழிலில் பென்சில் என்றால் வெளிர்நீலப் பென்சில். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அச்சுக்காக ஸ்கேன் செய்யும்போது நீலம் முழுவதையும் கழித்துவிடுவார்கள். மை பட்டதுதான் நிற்கும். அதனால் பென்சில்காரர் இஷ்டத்துக்குக் கிறுக்கலாம், ரப்பர் போட்டு அழிக்க வேண்டியதில்லை. மாஸ்டரும் கை போனபடி கிறுக்கினார். கை கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, நாயகனை நன்றாகத்தான் போட்டிருந்தார். தெரு நிறைய ஒற்றைச் சிறகன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. காலடியில் மனைவி விழுந்து கிடந்தாள், கூந்தல் அவிழ்ந்து, முகம் தெரியாமல்.

"இதுக்கு மை போட்டுடு. நாளைக்கு மத்தியானம் அச்சு" என்று சொல்லிவிட்டு, பையன்கள் யாரையோ பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வேலையிலிருந்து வந்த மகள் ஆசையாகப் பக்கத்தைக் கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, இதுல நான் எங்க?"

"குழந்தையா? வாசல்ல இருக்கும் பாரு."

"இருக்கு. தவழ்ந்துக்கிட்டு இருக்கு."

மையக்கா எழுந்து வந்து பார்த்தாள். வாசற்படியில் பல் முளைக்காத ஒரு குழந்தை தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. கதையில் இத்தனை கடலும் பனியும் கடந்தாகிவிட்டது, ஒற்றைச் சிறகனுக்கே நரை போட்டிருக்கிறார். குழந்தைக்கு மட்டும் ஒரு நாள்கூடக் கூட்டிப்போடத் தோன்றவில்லை அவருக்கு. அந்த வீட்டில் உட்கார்ந்து, அந்த மகள் பொரித்த முட்டையைத் தின்றுகொண்டே வரைந்த படம் அது.

"விட்டுட்டுப் போனப்போ எப்படி இருந்தேனோ அப்படியே வச்சிருக்காரு" என்றாள் மகள். "பள்ளிக்கூடத்துல என்னை நண்டுன்னுதாம்மா கூப்பிட்டாங்க. நான் யார்கிட்டயும் கோவிச்சுக்கல. எங்க அப்பா உண்மையிலேயே மாட்டிக்கிட்டிருக்காருன்னு நெனைச்சேன். அவர் மாட்டவே இல்ல இல்ல?"

"இல்ல" என்றாள் மையக்கா. அவளுக்கும் மகளுக்கும் நடுவில் அந்த வார்த்தை வர இத்தனை வருஷம் ஆயிற்று. "ஒரு தடையும் இல்ல. நான்தான் வரைஞ்சேன்."

"எனக்குத் தெரியும்மா. ரொம்ப நாளாத் தெரியும். ஆனாலும் வந்தப்போ முட்டை பொரிச்சேன் பாரு." சொல்லிவிட்டு மகள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். நாத்தனார் பேனாவை மூடி வைத்தாள்.

மையக்கா மாஸ்டரின் பையைத் தூக்கித் தரையில் வைத்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரஷ்ஷை நாக்கில் நனைத்து முனை கூட்டினாள். தெருவுக்கு மை போட்டாள். மழைத்தண்ணீர் தேங்கிய குழிகளுக்கும், வாசலுக்கும், கதவுக்கும் போட்டாள். விழுந்து கிடந்த பெண்ணைத் தொடவில்லை. அதற்குப் பதில் கதவில் சாய்ந்து நிற்கிற ஒருத்தியை வரைந்து மை போட்டாள், கையில் கறையோடு. தவழ்ந்த குழந்தையைத் தொடவில்லை. தோளில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற ஒரு பெண்ணைப் போட்டாள். பிறகு ஒற்றைச் சிறகனிடம் வந்தாள். பிரஷ் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. துடைத்துக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணி, அவனோட குமிழ்?" என்றாள் நாத்தனார்.

"என்ன வசனம்?"

"'வந்துவிட்டேன்.' அவ்வளவுதான்."

"எழுது. நல்லாக் கொட்டை எழுத்துல எழுது."

மறுநாள் மத்தியானம் மூன்று பெண்களும் அச்சகத்துக்குப் போனார்கள். பக்கத்தின்மேல் வழக்கம்போல, மை ஈஷாமலிருக்க எண்ணெய்த்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தத்தில் தரை அதிர்ந்தது. அட்டை ஏற்கெனவே அடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. முதலாளியும் மாஸ்டரும் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேன் போடுகிறவர் தாளை உரித்து, பக்கத்தை வைத்து மூடினார். நீலத்தைக் கழித்தார்.

திரையில் தெரு வந்தது. வாசல் வந்தது. இரண்டு பெண்கள் வந்தார்கள். நடுத்தெருவில் ஒருவரும் இல்லை. வெறும் காற்றில் ஒரு பெரிய குமிழ் மட்டும் 'வந்துவிட்டேன்' என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் எங்க?" என்றார் மாஸ்டர். ஒற்றைச் சிறகன் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

முதலாளி அசல் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். அதில் நீலத்தில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தான் அவன். "மை போட மறந்துட்டீங்களாக்கா?"

"மறக்கல சார். இத்தனை வருஷமா இந்த ஆளுக்கு மை போட்டுக் கை மரத்துப் போச்சு. இனிமே போடறதா இல்ல."

"விளையாடற நேரமா இது? மிஷின் காத்துக்கிட்டிருக்கு!" முதலாளி மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்களே போட்டுடுங்க மாஸ்டர்."

"எனக்கு மை வேலை வராதே! வேற யாரையாவது கூப்பிடுங்க."

"கூப்பிடுங்க" என்றாள் மையக்கா. "அடுத்த மாசமும் அவங்களையே கூப்பிடுங்க. பென்சிலுக்கும் மைக்கும் சேர்த்து."

"எழுத்துக்கும் சேர்த்துத்தான்" என்றாள் நாத்தனார்.

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். மாஸ்டரின் நடுங்குகிற கையைப் பார்த்தார். இத்தனை வருஷம் தன் மிஷினை ஓட்டியது யார் என்று அந்த அறையில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பிறகு ஸ்கேன் போடுகிறவரிடம், "அப்படியே அனுப்புப்பா" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

மாஸ்டர் எழுந்துவிட்டார். தாடி ஆடியது. "என்ன அநியாயம் இது! நான் வரவே இல்லைன்னு ஆயிடுமே!" மகள் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேம்மா."

மகள் தோள் பையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.

அவர் மையக்காவிடம் வந்தார். கூட்டத்தில் பேசிய குரல் எங்கோ போயிருந்தது. "நாளைக்கு அத்தனை பேரும் கேட்பாங்களே, நான் ஏன் வரலைன்னு. அவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"கேட்பாங்க" என்றாள் மையக்கா. "இவ கேட்டப்பல்லாம் உங்களுக்காக நான் சொன்னேன். இனிமே கேக்கறவங்களுக்கு நீங்களே சொல்லிக்குங்க."